சின்னப் பள்ளியில் வாசிப்பும் வேலைக் கல்வியும்: முடிச்சு எங்கே விழுகிறது?

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. பிள்ளைகள் 90 பேர், ஆசிரியர்கள் தலைமை ஆசிரியரோடு சேர்த்து 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். 8 வகுப்புக்கு 5 பேர். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால் 4 பேர். இப்படிப்பட்ட பள்ளியின் தலையில் வாசிப்பு இயக்கம் தனி, மன்றச் செயல்பாடு தனி, வேலை வழிகாட்டல் தனி என்று மூன்று சுமையை ஏற்றினால் மூன்றும் பதிவேட்டில்தான் நடக்கும். மூன்றையும் ஒரே நூலில் கோத்தால் ஓரளவு ஓடும். அந்த நூல் வாசிப்பு. வாசிக்க வராத பிள்ளையை எந்த மன்றத்தில் சேர்த்தாலும் பார்வையாளராகத்தான் நிற்கும். எந்தப் படிப்பைக் காட்டினாலும் விண்ணப்பத்திலேயே திரும்பிவிடும்.

முதலில் யாருக்கு வாசிக்க வரவில்லை என்று தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பரீட்சை காட்டிக்கொடுக்காது, பள்ளியே தேடிப் பிடிக்க வேண்டும். வகுப்பு முழுக்கச் சேர்ந்து வாசிக்கும்போது 20 குரலில் சில குரல்கள் அரை நொடி பின்னால் வரும். அவை வாசிக்கவில்லை, கேட்டுச் சொல்கின்றன. பாடப்புத்தகத்தைக் கொடுத்துத் தனியாக வாசிக்கச் சொன்னாலும் பிடிபடாது. நான்கு முறை காதில் விழுந்த பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். அதனால் பிள்ளை இதுவரை பார்க்காத பத்தி ஒன்று வேண்டும். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீட்டுக்கே போய்ச் சோதிக்கும், 2005 முதல் நடந்துவரும் ஏசர் கணக்கெடுப்பின் முறை இதற்குப் போதும்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. ஆளுக்கு 4 நிமிடம். 90 பிள்ளைகளை 5 ஆசிரியர் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு 18 பேர். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேறு பிள்ளைகள் காதில் விழாத இடத்தில், மரத்தடியில் உட்காரவைத்துக் கேட்பது நல்லது.

அப்போது பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் தடுக்கும் இடங்கள் சில உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, அடுத்து ‘க’, அதன்பின் கால். பிள்ளை ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடும். ஒலியில் பின்னால் வருவதை எழுத்தில் முன்னால் போடுவது நம் எழுத்துமுறையின் இயல்பு. கொம்பு இருந்தால் எழுத்தைத் தாண்டி வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திற என்று சொல்லிக்கொடுத்து, கெ-கொ, தெ-தொ, பெ-பொ என்று ஜோடி ஜோடியாக ஒரு வாரம் பழக்கினால் இது தீரும்.

247 எழுத்து என்பது பிள்ளைக்கு மலைபோலத் தெரியும். உண்மையில் 12 உயிர், 18 அகர எழுத்து, புள்ளி, 11 உயிர்மெய்க் குறி, ஆய்தம் என 43 அடையாளம் தெரிந்தால் பெரும்பகுதி வசமாகிவிடும். விதிவிலக்கு உகர, ஊகார வரிசை: கு, டு, து, று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அந்த 36 எழுத்தைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். மற்றவற்றைப்போல் குறி சேர்த்துப் படிக்க முடியாது. அகர வரிசையை முழுதாக ஒப்பித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் நான்கும் வாசிக்கலாம்.

அடுத்தது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் ‘வந்துக்கிட்டிருந்தாங்க’, புத்தகத்தில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’. 12 எழுத்து, ஒரே சொல். இதை மூச்சுப் பிடித்து வாசித்து முடிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் பிள்ளைக்கு மறந்துபோயிருக்கும். பென்சிலால் ‘வந்து / கொண்டு / இருந்தார்கள்’ என்று வெட்டிக் காட்டினால் போதும். அதுபோல ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் எழுத்து ஒரே ‘க’, ஒலி மூன்று. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இது தானாக வரும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு வராது. செங்கல் சூளைக்கும் ஆலைக்கும் வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. வகுப்பை மறந்து நிலையைப் பார்ப்பது சின்னப் பள்ளிக்குப் பொருத்தமான ஏற்பாடு. 8 வகுப்பை 5 பேர் நடத்துவதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை. தினமும் முதல் 40 நிமிடம் பள்ளி முழுவதும் நிலைவாரியாக உட்கார்ந்தால் போதும். சிக்கல் ஆறு, ஏழாம் வகுப்பில் வரும். 6 முதல் 9 வகுப்புகளுக்கென 2025-இல் திறன் இயக்கம் தொடங்கியதே இந்த வயதின் இடைவெளியை அடைக்கத்தான். ஏழாம் வகுப்புப் பையனின் கையில் மூன்று வரிக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் கூனிப்போவான், அடுத்த நாள் வரமாட்டான். அவனிடம் வேறு மாதிரி கேட்க வேண்டும்: வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், நீ வாசிக்கிறாயா? இப்போது அதே மூன்று வரிப் புத்தகம் பொறுப்பான வேலை ஆகிவிடுகிறது. அவன் அதைத் திங்கள் முதல் வியாழன் வரை பத்து முறை வாசித்துப் பார்ப்பான், யாரும் சொல்லாமலே. மாணவர் செயல்பாடு என்ற சொல்லுக்குச் சின்னப் பள்ளியில் இதைவிடப் பெரிய பொருள் வேண்டியதில்லை. 1,000 பேர் படிக்கும் பள்ளியில் 30 பேருக்குத்தான் பொறுப்பு கிடைக்கும். 90 பேர் பள்ளியில் ஆளுக்கொன்று கொடுக்கலாம்.

பூட்டிய அலமாரி

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. இருக்கிறது, பெரும்பாலும் பூட்டிய இரும்பு அலமாரிக்குள். இதற்கு ஆசிரியரின் அசட்டையைக் காரணம் சொல்வது நியாயமில்லை. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். குறைந்தால் தணிக்கையில் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அலமாரி பூட்டியிருக்கிறது.

வழி, இரண்டு தொகுப்பு வைப்பது. பதிவேட்டில் உள்ளவை வகுப்பறைக்குள் வாசிக்க. நன்கொடையாக வந்தவையும் அச்சிட்டுத் தைத்தவையும் வீட்டுக்குக் கொண்டுபோக. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துச் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வந்தவை. அட்டையைப் பார்த்தே பிள்ளை தனக்கானதை எடுத்துக்கொள்ளும். துறை அனுப்பும் ஊஞ்சல், தேன்சிட்டு சிறார் இதழ்கள் தலைமை ஆசிரியர் மேசையில் அடுக்கிக் கிடப்பதற்காக அச்சிடப்படவில்லை. அவற்றைச் சுவரிலிருந்து சுவருக்குக் கட்டிய கயிற்றில் நடுப்பக்கம் மடித்துத் தொங்கவிட வேண்டும். கயிறு மூன்றடி உயரத்தில் இருந்தால்தான் இரண்டாம் வகுப்புக் கைக்கு எட்டும்.

ஊர்க்காரர்கள் தரும் பழைய புத்தகங்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளும் அவற்றின் இனமான ணொ, ணோ வரிசையும் 1978 சீர்திருத்தத்துக்கு முன் வேறு வடிவில் அச்சாயின. அந்தப் புத்தகத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிவைத்துவிடும். பழைய அச்சை ஏழு, எட்டாம் வகுப்புக்கு மட்டும் ஒதுக்குங்கள். அவர்களுக்கு அது புதிர் விளையாட்டுப்போல இருக்கும்.

கொடுக்கல் வாங்கல் நோட்டில் நான்கு கட்டம் போதும்: தேதி, பெயர், புத்தகம், திருப்பிய தேதி. நோட்டு எழுதுவது ஆசிரியர் வேலையல்ல, ஏழாம் வகுப்பு மாணவிகள் இருவர், மாதத்துக்கு ஒரு ஜோடி. மாதக் கடைசியில் அவர்கள் காலைக் கூட்டத்தில் மூன்று எண் சொல்ல வேண்டும்: எத்தனை போயிற்று, எத்தனை திரும்பிற்று, எந்தப் புத்தகம் அதிகம் போயிற்று. தொலைந்த புத்தகத்துக்கு அபராதம் வேண்டாம். அபராதம் போட்ட அடுத்த வாரமே, தொலைத்துவிடுவோம் என்று பயப்படும் ஏழைப் பிள்ளைகள் புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு செயல்பாடு போதும்

பள்ளியில் மன்றங்கள் பல. 2024-இல் வந்த மகிழ் முற்றம் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகவும் பிரித்திருக்கிறது. 5 ஆசிரியர் பள்ளிக்கு ஐந்து குழு பொருத்தம்தான். ஆனால் எல்லா மன்றத்தையும் அரைகுறையாக நடத்துவதைவிட, ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடும் ஒன்றைப் பிடித்துக்கொள்வது பயன் தரும். மழைமானி அதற்கு நல்ல உதாரணம். செலவு கிட்டத்தட்ட இல்லை, தினமும் வேலை உண்டு, ஊருக்கும் உதவும்.

2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், உடல் நேராக உள்ளது. மேலே மூன்றில் ஒரு பங்கை வெட்டி, கவிழ்த்துப் புனல்போல உள்ளே வைக்க வேண்டும். புனல் வாயும் பாட்டில் உடலும் ஒரே அகலம் என்பதால் நீரின் உயரமே மழை அளவு. தனிக் கணக்கு வேண்டாம். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கே அளந்தால் தப்பாக வரும். அதனால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை நீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியம் என்று வைத்து, மில்லிமீட்டர் அளவு வரைந்த தாளை ஒட்டி மேலே டேப் சுற்ற வேண்டும். மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல இருமடங்கு தள்ளி, வாய் தரையிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் இருக்கும்படி நட்டுவைக்கலாம். அதற்குக் கீழே போனால் தரையில் விழுந்து தெறிக்கும் நீரும் உள்ளே போகும். காலை 8.30-க்கு அளவு எடுப்பது வானிலைத் துறையின் வழக்கம். பள்ளி நேரத்துக்கும் ஒத்துவருகிறது.

பிசகுவது இரண்டு இடத்தில். மழையில்லாத நாட்களில் சுழியக் கோட்டு நீர் ஆவியாகிக் குறைந்துவிடும், அதைத் தினமும் கோடுவரை நிரப்ப வேண்டும். சனி, ஞாயிறு யாரும் அளக்காததால் திங்கள் காலை இரண்டு மூன்று நாள் மழை சேர்ந்து நிற்கும், அதை ஒரே நாள் மழையாக எழுதிவிடுவார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறைப் பொறுப்பு தர வேண்டும்.

இதில் வாசிப்பு எங்கே? அளந்த பிள்ளை காலைக் கூட்டத்தில் தானே எழுதிய இரண்டு வாக்கியத்தை வாசிக்கும். ‘நேற்று 14 மில்லிமீட்டர் மழை பெய்தது. நம் பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர், அதில் 1,400 லிட்டர் விழுந்தது.’ ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்; எட்டாம் வகுப்பில் பலருக்கு மூளையில் ஏறாத கனஅளவுக் கணக்கு இங்கே தண்ணீராகவே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது ஊரில் விதைப்பவர்கள் பள்ளி வாசல் பலகையை வந்து பார்ப்பார்கள்.

வேலையைக் கிட்டத்தில் பார்ப்பது

எட்டாம் வகுப்புக்கு முன் வேலை வழிகாட்டல் என்பது கல்லூரிப் பெயர்ப் பட்டியலாக இருக்கக் கூடாது. அந்த வயதில் வேண்டியது வேலை என்றால் என்ன என்ற அறிமுகம். பூச்சிமருந்துப் பாட்டிலின் லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள் (கழுவிய காலிப் பாட்டிலும் வேண்டாம், லேபிளைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சிட்டால் போதும்). அதில் சதுரமாக ஒரு சின்னம், கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் நீரில் என்று எழுதியிருந்தால் 10 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு? 10 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் வீட்டில் இந்தக் கணக்கைப் பிள்ளை சொன்னால் அப்பா கேட்பார். பொடி எழுத்தை வாசிப்பது, விகிதம் போடுவது, உடம்பைக் காப்பது, உரக்கடைக்காரர் வேலை என்ன என்பது எல்லாம் ஒரே பாடவேளையில் வந்துவிடுகின்றன.

ஆட்களைப் பள்ளிக்கு அழைப்பதிலும் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ‘கஷ்டப்பட்டுப் படிங்க’ என்று அரை மணி உரை. பிள்ளைகளுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். அந்தக் குழுவின் மூலமே ஊரில் இருக்கும் லைன்மேன், கிராம சுகாதாரச் செவிலியர், ஜேசிபி ஓட்டுநர், 108 ஆம்புலன்ஸ் உதவியாளர், தையல் கடைக்காரர் ஆகியோரை மாதம் ஒருவராக அழைக்கலாம். பேச்சு வேண்டாம், 20 நிமிடம் கேள்வி மட்டும். கையோடு வேலைக் கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதல் நாளே கேள்விகளை எழுதிவைக்க வேண்டும்: என்ன படித்தீர்கள், எங்கே, எவ்வளவு செலவானது? முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது? உடம்பில் எங்கே வலிக்கும்? வேலையில் என்ன வாசிக்கிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள்?

கடைசிக் கேள்வியை விடவே கூடாது. செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரத்தையும் பிக்மி இணையப் பதிவில் ஏற்ற வேண்டியிருப்பதையும், லைன்மேன் மின்சாரம் நிறுத்தியதற்கான அனுமதி எழுத்தில் வந்ததைப் பார்க்காமல் கம்பம் ஏறக் கூடாது என்பதையும் அவர்கள் வாயால் கேட்கும்போது, எழுத்து எதற்கு என்று பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு வாசல்

எட்டாம் வகுப்பில் மூன்று காரியம் நேரத்தோடு நடக்க வேண்டும். முதலாவது தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு. பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மிகாமல், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50) இருந்தால் எழுதலாம். உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. மனத்திறனில் 90 கேள்வி, பாட அறிவில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம். விடை தெரிந்த பிள்ளை தோற்பது இங்கேதான்: கேள்வியை வாசித்து முடிக்கவே 50 நொடி ஆகிறது. ஆகஸ்டிலிருந்து மாதிரி வினாத்தாள் போடுவதைவிட, ஆறாம் வகுப்பிலிருந்து நாளுக்கு ஒரு பக்கம் மௌன வாசிப்பு இதற்கு உதவும். உதவித்தொகை ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டியது. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவதால், பழைய பள்ளி செய்யும் என்று புதிய பள்ளியும், புதிய பள்ளி செய்யும் என்று பழைய பள்ளியும் இருந்துவிட, பணம் நின்றுவிடுகிறது. மாற்றுச் சான்றிதழோடு தேர்வுப் பதிவெண்ணையும் புதுப்பிக்க வேண்டிய விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டாவது பெயர். பள்ளிப் பதிவில் முன்னெழுத்தோடு ‘மு. கவிதா’, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து, வங்கிக் கணக்கில் ஆங்கில எழுத்து ஒன்று கூடவோ குறையவோ. இந்தச் சின்ன மாற்றம் உதவித்தொகையை நிறுத்தும், கலந்தாய்வில் அலையவைக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. எட்டாம் வகுப்பில் எளிது. பிள்ளைகளே பிறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிப் பதிவு நான்கையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சிவப்பில் வட்டமிடட்டும். இதுவும் வாசிப்புப் பயிற்சிதான்.

மூன்றாவது பாதைகளின் கணக்கு. வயர்மேன், வெல்டர் போன்ற சில ஐடிஐ பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனாலும் பத்து முடித்துவிட்டுப் போவது நல்லது. ஃபிட்டர், எலக்ட்ரீசியனுக்குப் பத்து கட்டாயம், மேலே படிக்கவும் வழி திறக்கும். ஐடிஐ என்றால் படிப்பு முடிந்துபோயிற்று என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பத்துக்குப் பின் 2 ஆண்டு ஐடிஐ, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து 2 ஆண்டு, பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து 3 ஆண்டு, மொத்தம் 7. மேல்நிலை வழியாகப் போனால் 2 கூட்டல் 4, மொத்தம் 6. ஓராண்டுதான் வித்தியாசம்; நடுவே எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

பிளஸ் ஒன் பிரிவை எந்தப் பள்ளிக்குப் பேருந்து வசதி இருக்கிறதோ அந்தப் பள்ளியில் உள்ளதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பொறியியல் இல்லை, உயிரியல் இல்லாமல் பிஎஸ்சி நர்சிங் இல்லை. இது எட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 தரும் புதுமைப் பெண், 2024-இல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் எல்லாமே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைப் பார்க்கின்றன. நல்லது செய்வதாக எண்ணி ஒன்பதில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோருக்கு இதை முன்னதாகச் சொல்ல வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்வியில் 100 தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மூன்று மணி நேரத்தை 200-ஆல் வகுத்தால் கேள்விக்கு 54 நொடி.

மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர் எமிஸ் என்ற துறையின் மாணவர் பதிவு இணையத்தில் பொதுத் தொகுப்புக்குப் போகும், புதிய பள்ளி சேர்த்ததும் அங்கிருந்து எடுக்கப்படும். ஜூன் மாதக் கடைசியில் தலைமை ஆசிரியர் தம் பள்ளியிலிருந்து போனவர்களின் பெயரை அதில் தேடிப் பார்க்க வேண்டும். 11 பேர் போய் 2 பேர் இன்னும் தொகுப்பில் இருந்தால் அந்த வாரமே வீட்டுக்குப் போக வேண்டும், ஆகஸ்டில் போனால் மில்லுக்கோ சூளைக்கோ அனுப்பியிருப்பார்கள். பெண் பிள்ளை என்றால் காரணம் பலமுறை உயர்நிலைப்பள்ளியிலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரமாக இருக்கும். அதைப் போக்குவரத்துக் கிளைக்கு மனுவாக எழுத மேலாண்மைக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. மனுவை எழுத எட்டாம் வகுப்பு மாணவிகளும் இருக்கிறார்கள்.